முப்பத்தேழாம் வசனம் எங்கே?

ஆங்கிலக் கிறிஸ்தவ நூல்களைத் தமிழாக்கும் சிறிய பதிப்பகம் ஒன்றில் தொழில் பழகப் போனேன். முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். நூலாசிரியர் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை என்.ஐ.வி. என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். 36-ஆம் வசனத்தை அடுத்து நேரே 38. அச்சுப்பிழை என்று நினைத்து, நம்முடைய தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலிருந்து 37-ஐ எடுத்து நடுவில் செருகிவிட்டேன். மெய்ப்பு பார்த்த ஐயா சிவப்பு மையால் அதைச் சுழித்தார்.

"தம்பி, அடிக்குறிப்பப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்த வசனம் அங்கேதான் இருந்தது, பொடி எழுத்தில்.

1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சுக்குக் கொடுத்தபோது, அவர் முக்கியமாக நம்பிய கையெழுத்துப் படியில் இந்த வசனம் இல்லையாம். வேறொரு படியின் ஓரத்தில் இருந்ததாம். படியெடுத்தவர்கள் கவனக்குறைவால் விட்டுவிட்டார்கள் என்று எண்ணி, அவரே உள்ளே சேர்த்துவிட்டார். நான் செய்த அதே வேலை! அவருக்குப் பேர் கிடைத்தது, எனக்குத் திட்டு.

அவர் வழிவந்த கிரேக்க மூலத்தைக் கொண்டுதான் 1611-இல் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் வந்தது. 1871-இல் வந்த பவர் மொழிபெயர்ப்பான நம் பழைய திருப்புதலிலும் 37 உண்டு. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. அந்தப் பழம் பிரதிகளுக்கு மதிப்புக் கொடுக்கும் என்.ஐ.வி.யும் இ.எஸ்.வி. என்னும் இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பும் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளின. 1982-இல் வந்த நியூ கிங் ஜேம்ஸ், ஆங்கிலத்தை மட்டும் புதுக்கி, பழைய மூலத்தை விடாமல் வைத்துக்கொண்டது.

அப்படியானால் வசனம் விடுபடாத கிங் ஜேம்ஸே போதுமே என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த அடி அங்கே விழுந்தது. 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் 'ப்ரிவென்ட்' என்று இருந்ததை, உயிரோடிருப்பவர்கள் மரித்தவர்களைத் 'தடுப்பதில்லை' என்று எழுதிவைத்தேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. தமிழ் வேதாகமத்தைத் திறந்து என் பக்கம் திருப்பிவைத்தார். 'முந்திக்கொள்வதில்லை' என்று இருந்தது. 1611-இல் 'ப்ரிவென்ட்' என்ற சொல்லுக்கு முந்திக்கொள்வது என்பதுதான் பொருள். நானூறு வருஷத்தில் ஆங்கிலம் நகர்ந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த வசனம்.

இப்போது என் மேசையில் மூன்று ஆங்கில வேதாகமங்கள் இருக்கின்றன. பழைய திருப்புதலோடு வசனம் ஒப்பிட நியூ கிங் ஜேம்ஸ். வாக்கியத்தின் எலும்பு தெரிய இ.எஸ்.வி. பொருள் சட்டென்று பிடிபட என்.ஐ.வி. நூலாசிரியர் எதை மேற்கோள் காட்டுகிறாரோ அதைத்தான் முதலில் பார்ப்பேன், எனக்குப் பிடித்ததை அல்ல. தி மெசேஜ் என்னும் மொழிபெயர்ப்பு அலமாரியில் இருக்கிறது. படிக்கச் சுகமானது, ஒப்பிட உதவாது.

ஆங்கில வேதாகமம் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அப்போஸ்தலர் 8:37-ஐத் திறந்து பாருங்கள். வசனம் உள்ளே இருக்கிறதா, அடிக்குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்.