மச்சாவதாரமும் ஒரு சிப்பிக் கல்லும்

அரியலூர்க் கோதண்டராமசுவாமி கோயில் தூண்களில் உள்ள தசாவதாரச் சிற்பங்களைச் சேவித்தவர்கள் வாசகர்களுள் பலர் இருப்பீர்கள். அவற்றுள் மச்சமூர்த்தியின் முன்னே நிற்கும்போதெல்லாம் அடியேனுக்கு எங்கள் பூஜையறையில் இருக்கும் ஒரு கல் நினைவுக்கு வரும். உள்ளங்கையில் அடங்குவது, கனத்த சிப்பியின் வடிவினது. ஸ்ரீராமநவமி உற்சவத்துக்காகக் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்க என் தகப்பனார் நடந்து சென்ற ஓர் ஆண்டில், வழியிலிருந்த புன்செய்க் காட்டில் அதைக் கண்டெடுத்தார். பெருமாள் உருவமின்றிக் கற்கம்பமாக எழுந்தருளியிருக்கும் தலம் அது. கல்லைக் கொணர்ந்து சாளக்கிராமப் பேழைக்கு அருகில் வைத்துவிட்டு, "கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சிப்பி இங்கே எப்படி வந்தது? பிரளயத்துக்குப் பெருமாள் விட்டுவைத்த சாட்சி இது" என்றார். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்தச் சாட்சியை அடியேன் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினேன். எங்கள் தெருப் பஜனை மடத்தில் முப்பது ஆண்டுகளாக ஸ்ரீமத் பாகவதம் சொல்லி வருகிறேன். எட்டாம் ஸ்கந்தத்தில் மச்சாவதாரக் கட்டம் வரும்போது இந்தக் கல்லைக் கையில் உயர்த்திக் காட்டுவேன். திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்கையில், அவன் கையிலெடுத்த நீரில் ஒரு சிறு மீன் வந்ததையும், அது கமண்டலத்துக்கும் குளத்துக்கும் ஏரிக்கும் அடங்காமல் வளர்ந்ததையும், ஏழாம் நாள் கடல் பொங்க, ஓடத்தில் சப்தரிஷிகளோடும் விதைகளோடும் அரசன் ஏறியதையும் சொல்லி முடித்து, "ஐயமுள்ளவர்கள் இதோ பாருங்கள்" என்று கல்லை நீட்டுவேன். சபை சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு எனக்கு ஒரு போதையாகவே ஆகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஓர் ஆண்டு, அறிவியல் பாடம் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, "சுவாமி, இந்தச் சிப்பிகள் ஒரே வெள்ளத்தில் வந்தவை அல்ல என்று படித்திருக்கிறேன்" என்று பணிவாகவே சொன்னார். "ஓடத்தில் உமக்கு இடம் இல்லை போலிருக்கிறது" என்றேன். சபை சிரித்தது. அவர் அமர்ந்தார், மறுநாள் முதல் வரவில்லை. சில மாதங்களில் மாற்றலாகி எங்கோ போய்விட்டார்.

சென்ற தை மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். நிலவியல் முதுகலை படிக்கிறான். பூஜையறையில் அந்தக் கல்லைப் பார்த்தவன், "தாத்தா, இதைச் சற்று எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டு, குளித்துவிட்டு வந்து எடுத்தான். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "நாளை என்னோடு ஓரிடத்துக்கு வருவீர்களா?" என்றான்.

மறுநாள் காலை பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையிலுள்ள வெளிக்கு அழைத்துச் சென்றான். எழுபது ஆண்டு அருகிலேயே வாழ்ந்தும் அடியேன் காணாத நிலம் அது. புல் முளையாத களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள், வெயிலில் மின்னும் ஜிப்சக் கீற்றுகள். காலடியில் துப்பாக்கிக் குண்டு போன்ற கூரிய கற்கள் கிடந்தன. கணவாய் மீனுக்கு உறவான பழங்காலக் கடலுயிரின் உட்கூடு அது என்றான். இன்னும் சற்று நடந்து, மண்ணில் பதிந்திருந்த ஒன்றைக் காட்டினான். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு, வரிவரியாய் இருந்தது.

அடியேனுக்குக் கை நடுங்கியது. அது சாளக்கிராமச் சக்கரம்.

"அம்மோனைட் என்பார்கள் தாத்தா. சாளக்கிராமத்தில் நாம் சேவிக்கும் சக்கரமும் இந்த இனத்தின் சுவடுதான்" என்றான். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசமாகிய சாளக்கிராமம், முக்திநாத் பக்கம், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அத்துணை உயரத்தில் கடலுயிர் கிடைப்பது பிரளயத்தையே காட்டுகிறது என்று அடியேன் வாதிட்டேன். அவன் மறுத்தான். தண்ணீர் அங்கே ஏறவில்லை, கடலின் தரைதான் ஏறியது என்றான். பாரத நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவின் மீது மோதியதில், இடையிலிருந்த கடலின் படிவுகள் மடிந்து இமயமாக உயர்ந்தன. துருவங்களிலும் மலைகளிலும் உள்ள பனி முழுவதும் உருகினாலும் கடல் சுமார் 70 மீட்டர்தான் உயருமாம். 8,848 மீட்டர்ச் சிகரத்தை மூட நீர் எங்கிருந்து வரும்? ஒரு கீடம் அந்தச் சக்கரத்தைக் குடைந்தது என்று நம் பெரியோர் சொல்லிவந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். அதில் ஓர் உயிர் குடியிருந்தது என்பதில் அவர்களுக்கும் ஐயம் இருந்ததில்லை.

காரைக்கு மேற்கே அழைத்துச் சென்று, களிமண் முடிந்து பழம்பாறை தொடங்கும் எல்லையை அவன் காட்டினான். அங்கே அலை உருட்டியவை போன்ற உருண்டைக் கற்கள். அதற்கும் மேற்கே பச்சைமலை வரையில் இத்தகைய கடற்படிவு இல்லை. "உலகம் முழுவதையும் மூடிய வெள்ளமாயின் அதற்குக் கரை இருக்குமா தாத்தா?" என்றான். ஊரின் பெயர் காரை. அவன் காட்டியது கரை. இந்தக் கேள்விக்கு அடியேனிடம் விடை இல்லை.

ஆயினும் உடனே ஒப்புக்கொண்டேன் என்று எண்ண வேண்டா. சாத்தனூர்க் கல்மரத்தருகே மீண்டும் வழக்காடினேன். 18 மீட்டர் நீளம் கல்லாகிக் கிடக்கும் அடிமரம் அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் முதன்முதலாகப் பதிவு செய்தது. கடற்படிவுக்குள் இவ்வளவு பெரிய மரம் கிடக்கிறதென்றால் பெருவெள்ளமல்லவா அதைக் கொண்டுவந்தது என்றேன். "வெள்ளந்தான். ஆனால் ஆற்று வெள்ளம். கொள்ளிடம் பெருகினால் மரங்கள் கடலுக்குப் போவதில்லையா?" என்றான்.

அதைக் கேட்டதும் என் தகப்பனாரே என்னை மடக்கியது போலாயிற்று. 1924-ஆம் ஆண்டுக் காவிரிப் பெருவெள்ளத்தின்போது அவர் திருமழபாடியில் சிறுவர். கொள்ளிடம் வடிந்தபின் வயல்களில் என்ன இருந்தது என்பதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்: மணலும் வண்டலும் முள்ளும் பானையும் செத்த மாடும் ஒன்றாகக் கலந்து ஒரே படுகை. வெள்ளம் தரம் பிரித்து வைப்பதில்லை. இந்த இரு மாவட்டத்து நிலமோ அடுக்கடுக்காக எழுதிவைத்த ஏடு போல இருக்கிறது. அடியில் ஊட்டத்தூர் அடுக்கு. சுத்தரத்தினேசுவரர் கோயில் கொண்ட அந்த ஊட்டத்தூரின் பெயரையே, 1862-இல் இப்பகுதியை ஆராய்ந்து எழுதிய பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் சூட்டினார். அதற்கு மேல் திருச்சிராப்பள்ளி அடுக்கு, அதற்கும் மேல் அரியலூர் அடுக்கு. கீழடுக்கில் வாழ்ந்த அம்மோனைட் வகைகள் மேலடுக்கில் இல்லை. அங்கே வேறு வகைகள். காரைக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தையது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டு.

எல்லாவற்றினும் என்னை அசைத்தது கள்ளமேடு. அரியலூர் மாவட்டத்து அந்த மேட்டில் ஆற்று மணலில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன. அந்த மணல் கடற்படிவுக்கு மேலே இருக்கிறது. அதற்கும் மேலே மறுபடி கடற்சுண்ணாம்பு. ஆகவே கடல் வந்தது, பின்வாங்கியது, ஆறு ஓடியது, நிலத்து விலங்குகள் உலவின, கடல் மீண்டும் வந்தது. நாற்பது நாளிலோ நாலாயிரம் ஆண்டிலோ நடந்து முடியக்கூடிய கதையாக இது தோன்றவில்லை.

வீடு திரும்பியதும் தகப்பனாரின் கல்லை அவனிடமே கொடுத்தேன். உருப்பெருக்கும் கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னான். உட்புறத்தில் ஊசித்துளைகள், அவற்றைச் சுற்றிச் சல்லடைப் பின்னல் போன்ற மெல்லிய பொருக்கு. "சிப்பி செத்துத் திறந்து கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு இந்தச் சிற்றுயிர்கள் வந்து உள்ளே கூடு கட்டி வாழ்ந்திருக்கின்றன. புரட்டும் வெள்ளத்தில் அதற்கு அவகாசம் ஏது?" என்றான். இவ்வளவு கனமாக ஓடு வளரவே பல ஆண்டு அமைதியான கடல் வேண்டுமாம். அறுபது ஆண்டுக்கு மேலாக அந்தக் கல்லைத் துடைத்துத் துடைத்து வைத்தவன் அடியேன். உட்புறத்தை ஒருமுறையும் கூர்ந்து பார்த்ததில்லை.

இத்தகைய அவசரம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 2020-இல் குன்னம் அருகே ஏரியை ஆழப்படுத்தும்போது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே கொண்டாடிற்று. அவை கடற்படிவில் உருவான உருண்டைகள் என்று அறிந்தவர்கள் விளக்கியபோது அந்தக் கூட்டம் இல்லை. ஐரோப்பாவிலும் மலைமேல் கிடக்கும் சிப்பிகளைத் தங்கள் வேதம் கூறும் ஊழிவெள்ளத்துக்குச் சான்றாகப் பல நூற்றாண்டு காட்டிவந்தார்கள். ஓவியர் லியோனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே அதை மறுத்து எழுதினார். கேம்பிரிட்ஜில் பேராசிரியராகவும் திருச்சபைக் குருவாகவும் இருந்த ஆடம் செட்ஜ்விக், தாமே பரப்பிய அந்தக் கொள்கையை 1831-இல் அறிஞர் சபையில் தலைவராக நின்று வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். பேரன் இதைச் சொன்னபோது, பஜனை மடத்தில் எழுந்து நின்ற அந்த ஆசிரியரின் முகம் என் கண்முன் வந்தது.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. பிரளயம் பொய்யா? மச்சமூர்த்தி வெறும் கதையா? எழுந்து பாகவதத்தை எடுத்து, எட்டாம் ஸ்கந்தம் 24-ஆம் அத்தியாயத்துக்கு ஸ்ரீதர சுவாமிகள் இட்ட உரையைப் பிரித்தேன். முப்பது ஆண்டு சொற்பொழிவாற்றியவன் அந்த இடத்தை விரைந்தே கடந்திருக்கிறேன்; வெட்கத்தோடு சொல்கிறேன். இந்தப் பிரளயம் எப்போது நிகழ்ந்தது என்று அவரே ஐயம் எழுப்புகிறார். மச்சாவதாரத்தைச் சாக்ஷுஷ மன்வந்தரத்து வெள்ளத்தோடு ஓரிடத்தில் பாகவதம் இணைக்கிறது. இங்கோ கல்ப முடிவின் நைமித்திக பிரளயம் என்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஆராய்ந்து, இது உள்ளபடியே நிகழ்ந்த பிரளயம் அன்று, சத்தியவிரதனுக்கு வைராக்கியமும் ஞானமும் உபதேசிக்கத் திருவுள்ளம்கொண்ட பகவான் பிரளயம் போல ஒன்றைக் காட்டியருளினான் என்பது அவர் முடிவு. மார்க்கண்டேயருக்கு ஆலிலைக் குழந்தையைக் காட்டிய வெள்ளமும் மாயையின் காட்சியே அன்றோ! பின்வந்த உரைகாரர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. அது வேறு விசாரம். சிப்பிகளைப் பற்றி எதுவும் அறியாத ஒரு மகான், நூலின் பொருத்தத்தை மட்டும் கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கேட்டதனால் அவர் பக்தி குறையவில்லை. எந்தப் பகுதியிலும் பூர்வாசாரியர்கள் சாட்சிக்கு ஒரு கல்லைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவன் அடியேன்.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயதும் ஏறத்தாழ அவ்வளவே என்று சிலர் மகிழ்வதுண்டு. அந்த வழியிலும் அடியேன் இனிச் செல்லப்போவதில்லை. நாளை அறிவியலார் கணக்கைத் திருத்தினால் பிரம்மாவின் பகலையும் திருத்துவோமா?

புரட்டாசியில் மீண்டும் மச்சாவதாரக் கட்டம் வந்தது. கல்லை மேசைமீது வைத்தேன், உயர்த்தவில்லை. இது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முன் இங்கிருந்த கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பி, பிரளயத்துக்குச் சாட்சி என்று முப்பது ஆண்டு நான் சொன்னது பிழை என்றேன். ஓர் ஆசிரியரை இதே மண்டபத்தில் ஏளனம் செய்தேன், அவர் இருக்குமிடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். சபையில் ஓசையே இல்லை. பிறகு சத்தியவிரதன் கதையைத் தொடங்கினேன். அந்தச் சிறு மீன், பெரிய மீன்கள் தன்னை விழுங்கிவிடும் என்று அஞ்சி அரசனிடம் அடைக்கலம் கேட்கும் இடத்தில் என்னையறியாமல் குரல் தழுதழுத்தது. முன்பெல்லாம் அந்த இடத்தை இரண்டு நிமிடத்தில் கடந்து கல்லுக்கு வந்துவிடுவேன்.

தீர்த்தம் வாங்கும்போது, முன்வரிசையில் எப்போதும் அமரும் மூதாட்டி ஒருவர் அருகில் வந்தார். என் பேச்சைக் கேட்டு, கொல்லையில் கிடைத்த இதே போன்ற கல் ஒன்றுக்கு அவர் பல ஆண்டாக மஞ்சள் குங்குமம் இட்டுப் பூ வைத்து வருபவர். மனம் புண்பட்டிருப்பாரோ என்று அஞ்சி, "அம்மா, நீங்கள் பூ வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பேரக் குழந்தைகள் கேட்டால் மட்டும் சிப்பி என்று சொல்லிவிடுங்கள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். சிப்பியை எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்" என்று சொல்லி, தீர்த்தத்துக்குக் கை நீட்டினார்.