கைப்பிடியைப் பார்த்து ஊர் சொல்ல முடியுமா?

ஆரணி பக்கத்தில் சேவூர். அங்கே தறி நெய்கிற ஒருவரிடம் பழைய பட்டுச்சேலை ஒன்றை நீட்டிப் பாருங்கள். கரையையும் முந்தானையையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த ஊர் வேலை என்று வாய் திறப்பார்.

பழைய வாள்களுக்கும் இதே கதைதான்! வைக்கிங் கால வாள்களில் அலகைவிடக் கைப்பிடிதான் அதிகம் மாறும். 1919-ல் யான் பீட்டர்சன் என்ற நார்வே அறிஞர் வைக்கிங் கால வாள்களைக் கைப்பிடியின் வடிவத்தை வைத்தே ரகம் பிரித்தார். உச்சியில் இருக்கும் குமிழ் எத்தனை மடல், கையைக் காக்கும் குறுக்குக் கட்டை நேரா வளைவா என்று பார்த்து, முக்கிய ரகங்களுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். அந்த எழுத்துகள் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன.

சரி, கைப்பிடி தெரிந்தால் வாளின் ஊர் தெரிந்துவிடுமா? அங்கேதான் சிக்கல். 9 முதல் 11-ம் நூற்றாண்டு வரையிலான சில வாள்களின் அலகில் 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் பதிக்கப்பட்டிருக்கிறது. துருவுக்கு அடியில் மறைந்திருந்த எழுத்தை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. இந்த அலகுகள் பிராங்கியர் நாட்டில், ரைன் நதிப் பக்கம் பிறந்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. நார்வேயில் கிடைத்தவற்றில் உள்ளூர்க் கைப்பிடிகளும் உண்டு. ஒரே வாளுக்கு இரண்டு ஊர்!

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 16, 17-ம் நூற்றாண்டுகளில் கப்பலில் வந்த ஐரோப்பிய அலகுக்கு இங்கத்திய கைப்பிடி மாட்டினார்கள். பெயர் 'ஃபிரங்கி'. நம்ம 'பறங்கி'யும் இதுவும் ஒரே வேர், அதே பிராங்கியர் பெயர்தான். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் கைப்பிடியோடு நின்றுவிடாமல் அலகையும் பாருங்கள்.

நேர் எதிராகவும் நடந்தது. தென்னிந்திய உருக்கு பாரசீகம் போய் வாளானது. உலகம் அதை 'டமாஸ்கஸ்' என்றது. உலை ஊதியவனின் ஊர் அந்தப் பெயரில் இல்லை.

சேவூர்க்காரருக்கு இது புதிதல்ல. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, நெய்வது அவர். கடைக்குப் போனதும் சேலை 'காஞ்சிபுரம்' ஆகிவிடுவதும் உண்டு.

கைப்பிடி பொய் சொல்வதில்லை. கடைசியாக யார் கைக்குப் பொருந்தியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. முழு வாளின் பெயரையும் அதற்கே எழுதிக் கொடுத்தால், அலகு அடித்தவன் காணாமல் போகிறான்.

அடுத்த முறை ஒரு பட்டுச்சேலையைக் கையில் எடுத்தால் லேபிளோடு நிறுத்தாமல், நெய்தது எந்த ஊர் என்றும் கேட்டுப் பாருங்களேன்!