தலைக்கூத்தலும் வடக்கிருத்தலும்

கல்லூரி விழா மலரிலே பழைய மாணவர் எழுதுவதெனில் இளமைக்கால நினைவுகளை எழுதுவதே மரபு. ஆயினும், எம்மிற் பலர் எழுபதைக் கடந்துவிட்டோம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, பண்டத்தரிப்பின் பெரிய வீடுகளில் முதியோர் தனித்திருக்கின்றோம். ஆதலால், வாழ்வின் முடிவைப்பற்றிச் சில கூறுதல் இங்கே பொருந்தாததன்று.

இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பியவை தமிழகத்து மூன்று திரைப்படங்கள். மூன்றும் தலைக்கூத்தல் பற்றியவை. படுக்கையிற் கிடக்கும் முதியவரை எண்ணெய் முழுக்காட்டிச் சில நாட்களில் உயிர் பிரியச் செய்வதே அவ்வழக்கம். விருதுநகர், மதுரைப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் அது மறைவாக நிகழ்ந்து வந்துள்ளது. தாய் பிள்ளைக்குச் செய்யும் அன்புப்பணியே அங்கு கொலைக் கருவியாகின்றது.

மதுமிதா இயக்கி 2019 இல் வெளியான ‘கே.டி.’ படத்தில், நினைவிழந்து கிடந்த முதியவர் கண் விழித்து, வீட்டார் தமக்கு நாட் குறிப்பதைக் கேட்டு வெளியேறுகின்றார். 2023 இல் வந்த ‘தலைக்கூத்தல்’ படத்தில், உறவினரின் வற்புறுத்தலுக்கும் தந்தைமேற் கொண்ட அன்புக்குமிடையே மகன் தவிக்கின்றான். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ தேசிய விருது பெற்று 2020 இல் திரைக்கு வந்தது. அதிலே இரவுக் காவலாளியான முதியவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்கின்றார். அவர் முடிவைப் பிறர் தீர்மானிக்கின்றனர்.

அப்படத்தைப் பார்க்கையில் எனது பெரியதாயார் நினைவுக்கு வந்தார். அவரும் அவ்வாறே இடுப்பு முறிந்து பதினான்கு மாதங்கள் கிடந்தார். “முருகா, என்னைக் கொண்டு போ” என நாடோறும் வேண்டுவார். மாலைத் தேநீர் சற்றுப் பிந்தினாலோ கோபிப்பார். இரண்டும் மெய்யான விருப்பங்களே. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதா என உறவினர் கூடிப் பேசியபோது, “என்னையும் ஒரு சொல்லுக் கேளுங்கோ” என்று அறையிலிருந்து குரல் வந்தது. கேட்டோம். முற்றத்து வேம்பு தெரியும் இடத்திலேயே இருக்க விரும்பினார். அவ்வண்ணமே செய்தோம்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்த வரலாற்றை வகுப்பறையிற் கற்றோம். மக்களோடு கொண்ட பகையால் மனம் நொந்தே அவன் அம்முடிவை எய்தினான். அது சரியோ தவறோ, முடிவு அவனுடையது. தலைக்கூத்தலிலோ முதியவரின் வாய் அடைக்கப்படுகின்றது.

1820 இல் டாக்டர் ஜோன் ஸ்கடர் எமது பண்டத்தரிப்பில் மேனாட்டு வைத்தியப்பணி தொடங்கிய காலத்தில், நோய் முற்றினால் மரணம் தானே வரும். இன்றோ இயந்திரங்கள் மூச்சை நீடிக்கின்றன. எனவேதான், மீட்சியில்லா நிலையில் உயிரை வலிந்து நீடிக்கும் சிகிச்சை வேண்டாமென ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாமென இந்திய உயர் நீதிமன்றம் 2018 மார்ச் 9 ஆந் திகதி தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் உயிர்நாடி, நோயாளியின் சொல்லே.

பழைய மாணவ நண்பர்களே, நாவிற் சொல் உள்ளபோதே உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளுக்குக் கூறிவையுங்கள். கடல்கடந்த தொலைபேசியிலேனும் கூறுங்கள். இளம் மாணவர்களே, உங்கள் வீட்டு ஆச்சியும் அப்புவும் பாரமல்லர். அவர்களிடம் ஒரு சொல்லுக் கேளுங்கள்.