சாலைக் கடைத்தெருவும் காமிராவின் தோள்வாரும்

திருவனந்தபுரத்தில் "சாலைக்குப் போய்வருகிறோம்" என்று எவரேனும் சொன்னால், கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலத்தை நோக்கிச் செல்லும் பழைய கடைத்தெருவையே அது குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் அமைத்த வணிகத் தெரு அது. தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்து வாழ்ந்துவருகின்றன. மளிகை, பாத்திரம், துணி, பூ, பூசைப் பொருள் என அங்கே கிடைக்காதது அரிது. தமிழும் மலையாளமும் ஒரே நாவில் மாறி மாறி ஒலிப்பதை அங்கே கேட்கலாம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் அன்பர்கள் பலர், பாட்டனார் நடமாடிய இத்தகைய தெருக்களைப் படமெடுத்துவந்து, அயலூரில் பிறந்த பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆனால் காமிரா வாங்க மாதக்கணக்கில் விசாரிப்பவர்களும் அதனைத் தாங்கும் வாரைப் பற்றிச் சற்றும் எண்ணுவதில்லை. பெட்டியோடு வந்த வாரையே கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கிறது. காமிரா பைக்குள் போய்விடுகிறது. படங்கள் எடுக்கப்படாமலே போகின்றன.

சாலையில் நாம் நடந்தபோது, இதற்கான பாடத்தை அங்குள்ள சுமைத் தொழிலாளரிடமே கண்டோம். மூட்டையைத் தலையில் ஏற்றுமுன் அவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்கின்றனர். சும்மாடு பாரத்தைக் குறைப்பதில்லை, பரவச் செய்கிறது. தோள்வாரின் வேலையும் அதுவே. 1 சென்டிமீட்டர் அகலமுள்ள வாரைவிட 4 சென்டிமீட்டர் அகலமுள்ள வார் அதே பாரத்தை நான்கு மடங்கு பரப்பில் தாங்குகிறது. அரைக் கிலோ எடையுள்ள சிறிய காமிராவுக்கு மெல்லிய வார் போதும். பெரிய லென்ஸுடன் ஒரு கிலோவைத் தாண்டினால் அகன்ற வாரே வேண்டும். ரப்பர்போல் நீளும் வார் கையில் எடுத்துப் பார்க்கும்போது சுகமாகத் தோன்றும். நடக்கையிலோ காமிரா துள்ளிக்கொண்டே இருக்கும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. கழுத்தில் தொங்கவிடுவதைவிட, இடத்தோளிலிருந்து வல இடுப்புக்குக் குறுக்காக அணிவது உடலுக்கு இதமானது. நெரிசலில் பாதுகாப்பும் ஆகும். காமிரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, முழங்கையின் காவலில் இருக்கவேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் கைவண்டியிலும் கடை முன்னே அடுக்கிய சாமான்களிலும் இடிபடும். ஆகவே, நடக்கும்போது சுருக்கவும் படமெடுக்கும்போது தளர்த்தவும் கூடிய வாராகத் தேர்வது நலம். குறுக்காக அணியும் வாரின் உட்புறம் வழவழப்பாக இருந்தால்தான் காமிராவைக் கண்ணுக்கு உயர்த்தும்போது சட்டையைப் பற்றி இழுக்காது. ஒரே தோளில் மாட்டுவோர்க்கு மட்டும் வழுக்காத உட்புறம் தேவை.

திருவனந்தபுரத்தின் காற்றையும் மறக்கலாகாது. ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் மாதத்து வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்கின்றன. ஈரமான பெட்டியில் வைத்த தோல்வாரில் பூஞ்சை பிடிக்கும். வியர்வை பட்டால் மலிவான தோலின் சாயம் வெள்ளை வேட்டியில் இறங்கிவிடும். பருத்தி வார் மென்மையானது. எனினும் வியர்வையை உறிஞ்சுவதால் அடிக்கடி அலசி உலர்த்தவேண்டும். நெருக்கமாக நெய்த நைலான் நாடா விரைவில் உலர்ந்துவிடும்.

இனி, கண்ணை உறுத்தாமை. உற்பத்தியாளர் தரும் வாரில் பெரும்பாலும் அவர்களுடைய பெயர் பளிச்சென்ற எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது திருடனுக்கு விலையைச் சொல்கிறது. கடைக்காரருக்கோ, "இவர் வேடிக்கை பார்க்க வந்தவர்" என்று அறிவிக்கிறது. கறுப்போ சாம்பலோ ஆன, எழுத்தில்லாத வார் சாதாரணத் துணிப்பையின் வார்போலவே தோன்றும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தமது சிறிய லைக்கா காமிராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டவர். ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று திருவண்ணாமலையில் மறைந்தபோது அவர் அங்கே இருந்தார். அத்தகைய இடத்தில் காமிரா பளபளப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆனால் அன்பர்கள் ஒன்றைத் தெளிவாகக் கொள்ளவேண்டும். உறுத்தாத வார் ஒளிந்திருந்து படமெடுப்பதற்கு அனுமதிச் சீட்டு அன்று. சாலையில் அமர்ந்திருப்போர் நமக்காக வைக்கப்பட்ட காட்சிப்பொருள்கள் அல்லர். அன்றாடப் பிழைப்பில் ஈடுபட்டோர். "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றோ, மலையாளத்தில் "ஒரு போட்டோ எடுத்தோட்டே?" என்றோ கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வேண்டாம் என்றால் வணங்கி நகர்வதே பண்பு. சாலையிலேயே பாத்திரக்கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் (1934–2021), எக்கருவியும் இன்றி அம்மக்களைப் பல்லாண்டு கண்டு 'கடைத்தெருக் கதைகள்' படைத்தார். அவர் அவர்களுள் ஒருவராக இருந்தார். நாமோ ஒரு பிற்பகல் வந்து போகிறவர்கள். நமக்குக் கூடுதல் பணிவு வேண்டும்.

நவராத்திரி காலத்தில் செல்வோர்க்கு இது மேலும் பொருந்தும். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் கரமனை வழியே திருவனந்தபுரம் வருவது நெடுநாள் வழக்கம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அவ்வழக்கம் தொடர்கிறது. குமாரசுவாமி தங்குவது சாலையை ஒட்டிய ஆரியசாலையில்தான். அத்திரளில் தளர்ந்து தொங்கும் வார் பிறர் கையிலும் குழந்தைகள் கழுத்திலும் சிக்கக்கூடும், மார்போடு இறுக்கிக்கொள்க. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் காமிரா கொண்டுசெல்ல அனுமதி இல்லை. ஆதலால் எளிதில் கழற்றிச் சுருட்டி, காமிராவோடு ஒப்படைக்கத்தக்க வாரே உதவும்.

இறுதியாக, புறப்படுமுன் வாரும் காமிராவும் சேரும் இடத்தைச் சோதியுங்கள். வளையம் விரிந்திருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, மெத்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு பலமாக இழுத்துப் பாருங்கள். அறுந்தால் அங்கேயே அறுந்துபோகட்டும். ஊரில் எடுக்கவிருக்கும் படங்களுள் சில, முதியோர் சிலரின் கடைசிப் படங்களாகவும் அமையக்கூடும். அவை பத்திரமாக வீடு வந்து சேரவேண்டுமல்லவா?