பின்தங்கியவன் முறை

அரபு இலக்கணம் ஓதிக்கொடுப்போர்க்கு ‘எறிதல்’ என்னும் வினை நெருங்கிய உறவு. இறுதியில் நலிந்த எழுத்துடைய வினைகளை ‘நாகிஸ்’, அதாவது குறையுடையவை, என்று வகுத்து, அவற்றுக்கு எடுத்துக்காட்டாக ‘ரமா’ என்பதையே ஸர்ஃப் நூல்கள் நிறுத்துகின்றன. அவன் எறிந்தான், அவ்விருவர் எறிந்தனர், அவர்கள் எறிந்தனர், அவள் எறிந்தாள் என்று இறந்தகாலத்தில் மட்டும் பதினான்கு வடிவங்கள். கல்லெறிவதற்கும் அம்பெய்வதற்கும் அரபியில் இவ்வொரு சொல்லே போதும். ஹஜ்ஜில் மினாவில் கல்லெறியும் கடமையை ‘ரமீ’ என்றழைப்பதை வாசகர் அறிவர். முப்பது ஆண்டுகளாக இவ்வினையைப் பிள்ளைகளின் நாவில் ஏற்றி வந்திருக்கிறோம். ஆயினும் நம் கை ஒரு பொருளைக் குறிபார்த்து எறிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஓதும் பருவத்தில் அண்டை வீட்டு மாமரமே கடைசி இலக்கு என்று நினைவு.

2024 ஆம் ஆண்டு கோடையில் மகள் வீட்டில் சில வாரம் தங்கும் வாய்ப்பு நேர்ந்தது. அமெரிக்காவின் மிசிகன் மாநிலத்தில், டெட்ராயிட் மாநகருக்கு மேற்கே ஒரு சிற்றூர். மருமகனார் கார்த் தொழிலில் பொறியாளர். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டிவிடுகிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் விரிந்து கிடக்க, அந்த நெடிய மாலையை என்ன செய்வது என்பதே நமக்குப் பெருங்கேள்வியாக இருந்தது.

பேரனுக்கு அப்போது பதினொரு வயது. எட்டு வயதுவரை நம்மூரில் வளர்ந்தவன். அங்கே போனபின் அவன் பேச்சுக் குறைந்துவிட்டது என்று மகள் தொலைபேசியில் பலமுறை வருந்தியிருக்கிறாள். பள்ளி மைதானத்தில் இரு பிள்ளைகள் தலைவர்களாக நின்று ஒருவர் மாற்றி ஒருவராகத் தத்தம் அணிக்கு ஆள் பொறுக்குவார்களாம். கடைசியில் மிஞ்சுபவன் எப்போதும் இவனே. இந்த வழக்கம் நம்மூர்த் தெருக்களிலும் உண்டு. உலகமெங்கும் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக்கொண்ட கொடுமைகளுள் இதுவும் ஒன்று. அவன் யாரையும் குறைகூறவில்லை. ஜன்னலோரம் புத்தகத்துடன் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவே. அதுதான் மகளை வாட்டியது.

ஒருநாள் மருமகனார் மூன்று வண்ணத் தட்டுகளைக் கொண்டுவந்து நம் முன் வைத்து, “மாமா, பூங்காவில் இதற்கென்றே ஓரிடம் இருக்கிறது. இவனை அழைத்துக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள்” என்றார். மேல்நாட்டில் டிஸ்க் கோல்ஃப் என்பது அதன் பெயர். வட்டெறி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பூங்காவுக்கு மதிலும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. மேப்பிள் மரங்களும் ஓக் மரங்களும் ஆங்காங்கே நிற்க, நடுவே புல்வெளி. ஓரத்தில் ஓர் ஓடை. அதனுள் ஒன்பது இடங்களில் இரும்புக் கம்பம் நட்டு, கம்பத்தின் தலையிலிருந்து குடைபோலச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கம்பிக் கூடையைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு கூடைக்கும் புறப்பாட்டு இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து வட்டை எறிந்து, அது விழுந்த இடத்திற்கு நடந்து, அங்கிருந்து மறுபடியும் எறிந்து, முடிவில் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழச்செய்ய வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். கோல்ஃப் ஆட்டத்தின் கணக்கே இங்கும். கோல்ஃபுக்கு வேண்டிய பரந்த நிலமோ, விலையுயர்ந்த மட்டைகளோ, சங்க உறுப்பினர் பதவியோ இதற்கு வேண்டியதில்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிவரும் தாய் குறுக்கே வந்தால் எறிபவர் காத்து நிற்கிறார். நிலம் எல்லாருக்கும் பொது. ஆட்டமே வழிவிட வேண்டும்.

இவ்வாட்டத்தின் வரலாற்றை மருமகனாரின் உதவியால் சேகரித்தோம். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஃப்ரிஸ்பீ என்னும் குடும்பத்தார் 1871 இல் தொடங்கிய ரொட்டிக் கடை ஒன்று இருந்தது. அவர்கள் பணியாரம் வைத்து விற்ற தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் காலியானதும் வீசி விளையாடினர். கலிஃபோர்னியாவில் ஃபிரெட் மோரிசன் என்பவர், கடற்கரையில் கேக் தட்டை வீசிக்கொண்டிருந்தபோது ஒருவர் அதை விலைக்குக் கேட்க, ஐந்து காசுத் தட்டை இருபத்தைந்து காசுக்கு விற்கலாமே என்று கண்டுகொண்டார். பின்னாளில் அவர் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் வட்டை 1957 இல் வாம்-ஓ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்து, அவ்வாண்டிலேயே அதற்கு ‘ஃப்ரிஸ்பி’ என்று பெயரும் சூட்டியது. ரொட்டிக்காரரின் பெயர் எழுத்துச் சற்றே மாறி வட்டின் பெயராயிற்று.

இதைக் கேட்டதும் நமக்கு அரபுச் சொல்லொன்று நினைவில் எழுந்தது. ‘குர்ஸ்’ என்றால் வட்டத்தட்டு. அச்சொல்லே வட்டமான ரொட்டிக்கும் ஆகும். சூரிய மண்டலத்தின் வட்ட வடிவையும் ‘குர்ஸ்’ என்பர். அப்பமும் எறிவட்டும் ஒரே தட்டில் பிறந்ததை மொழி எப்போதோ அறிந்து வைத்திருந்தது போலும்! தமிழுக்கும் ‘வட்டு’ புதிய சொல்லன்று. நூல் நிரம்பாதவன் அவையேறுவதைக் கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். அந்த வட்டு கட்டத்தில் உருட்டும் காய். இந்த வட்டு காற்றில் மிதப்பது. எனினும், கட்டமின்றி ஆட்டமில்லை என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

வட்டுக்குக் கட்டம் வகுத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றி, வட்டு நிலையாகப் பறக்க அதன் மேற்புறத்தில் வரிகள் அமைத்து 1967 இல் காப்புரிமை பெற்றவர் அவரே. அவருக்கு முன்னரும் முயன்றோர் உண்டு. கனடாவின் பிளாட்வொர்த் என்னும் சிற்றூரில் 1926 இலேயே பள்ளிச் சிறுவர்கள் தகர மூடிகளை மணலில் வரைந்த வட்டங்களுக்குள் எறிந்து, அதற்குத் ‘தகரமூடி கோல்ஃப்’ என்று பெயரும் வைத்திருந்தனர். ஆனால் நிலையான களமொன்றை முதன்முதலாக அமைத்தவர் ஹெட்ரிக்தாம். 1975 இல், லாஸ் ஏஞ்சலஸ் அருகே லா கன்யாடா ஃப்ளிண்ட்ரிட்ஜ் என்னும் ஊரின் ஓக் குரோவ் பூங்காவில் அது எழுந்தது. தொடக்கத்தில் வெறுங்கம்பங்களே இலக்கு. கம்பத்தில் வட்டு பட்டதா, உரசிச் சென்றதா என்று வழக்கெழவே, சங்கிலியும் கூடையும் தோன்றின. சங்கிலி ஒலித்து, வட்டு கூடையில் தங்கிவிட்டால் சாட்சியம் வேண்டாமல்லவா! விண்கலங்களைக் கோள்களுக்கு அனுப்பும் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அப்பூங்காவின் அண்டை வீடு. மனிதன் எறிந்தவற்றுள் மிகத் தொலைவு சென்றதும் மிக அருகில் விழுந்ததும் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஹெட்ரிக் 2002 இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அவரது சாம்பலைக் கலந்து நினைவு வட்டுகள் வார்த்தனராம். மண்ணில் அடங்குவதே நெறியெனக் கொண்ட நமக்கு அது விந்தையாகத்தான் தோன்றுகிறது.

முதல் மாலையில் நாம் எறிந்த வட்டு, வானத்தை நோக்கி எழுந்து, ஒருகணம் யோசித்து, நம்மை நோக்கியே திரும்பி வந்து விழுந்தது. பேரனுடையது இடப்புறம் வளைந்து ஓடையின் நாணற் புதருக்குள் நுழைந்தது. தோளின் பலத்தைக் கூட்டினோம். வட்டு மேலும் பிடிவாதம் கொண்டது. அவ்வழியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் சற்று நின்று பார்த்துவிட்டு, மொழி வேண்டாத முறையில் பாடம் சொன்னார். வட்டை மார்புக்குக் குறுக்கே, தரைக்கு இணையாக, மேசையின் மேல் இழுப்பதுபோல் இழுத்து விடவேண்டும். முன்விளிம்பு நிமிர்ந்தால் காற்று அதைத் தூக்கி நிறுத்திவிடும். வட்டைச் செலுத்துவது பலம் அன்று, சுழற்சி. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் வட்டும் தன் தளத்தைக் காத்துக்கொண்டு காற்றின்மேல் அமர்கிறது. சுழற்சி தளரும்போது, வலக்கையால் புறங்கை வீச்சாக எறிந்தது இடப்புறம் சாய்கிறது. பேரனின் வட்டு ஓடைக்குப் போனதன் காரணம் இதுவே. அவன் கையின் குற்றம் அன்று. பிறகு அம்முதியவர், கையிலிருந்த மூன்றில் கூர்விளிம்பு வட்டைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். விளிம்பைச் சரித்துக் கூராக்கிய வட்டுகள் 1983 முதல் வழக்கில் உள்ளன. அவை வெகுதூரம் போகும். ஆனால் வேகமாக எறியத் தெரிந்த கைக்கே அடங்கும். தொடங்குவோர்க்கு மழுங்கிய விளிம்பே நல்லது.

அந்தக் களமும் தொடங்குவோர்க்கென்றே அமைந்தது. அருகிலிருந்த கூடை ஐம்பது தப்படிக்குள். தொலைவிலிருந்ததும் நூறு தப்படியைத் தாண்டாது. தேர்ந்தவர்கள் இதை விளையாட்டாகவே மதிப்பதில்லை என்று மருமகனார் சொன்னார். மதரஸாவில் முதன்முதல் கையில் கொடுக்கும் கிதாபுகளை நினைத்துக்கொண்டோம். ஃபெஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் எழுதிய இலக்கணச் சுவடி சில பக்கங்களே. அவர் 1323 இல் மறைந்தார். ஏழு நூற்றாண்டுகளாகக் கடற்கரைதோறும் பிள்ளைகள் அதில்தான் அரபு இலக்கணத்தின் வாசலைத் தட்டுகின்றனர். பெருநூல் எழுதிய அறிஞர் பலர். புதியவனுக்காகச் சுருக்கி எழுதத் துணிந்தவர் சிலர். ஓர் ஊராட்சி தன் பூங்காவில் ஐம்பது தப்படிக் கூடையை நட்டிருப்பதை நாம் அந்த வரிசையிலேயே வைக்கிறோம்.

ஆனால் நம்மை நின்று யோசிக்கவைத்தது தூரம் அன்று, எறியும் முறை. புறப்பாட்டு இடத்தில் மட்டும், முந்திய கூடையைக் குறைந்த எறிகளில் முடித்தவர் முதலில் எறிவார். அது வென்றவர்க்குரிய மரியாதை. வட்டுகள் தரையில் விழுந்தபின் அம்மரியாதை செல்லாது. எவர் வட்டு கூடைக்குத் தொலைவில் கிடக்கிறதோ, அவரே அடுத்து எறிய வேண்டும். எறிந்த பின்னும் அவரே பின்தங்கியிருந்தால் மீண்டும் அவரே. முன்னே போனவர் தம் வட்டருகே ஒதுங்கி, பேசாமல், அசையாமல் காத்திருக்க வேண்டும். விதி கருணையால் பிறந்ததன்று. முன்னிற்பவர் பிடரியில் வட்டு விழாதிருக்கச் செய்த ஏற்பாடு. காரணம் எதுவாயினும் நன்மை நன்மையே. வகுப்பறைகளில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் முன்வரிசைக் கைகளே உயர்கின்றன. மெதுவாக யோசிக்கும் பிள்ளை வாய் திறக்குமுன் விடை சொல்லப்பட்டுவிடுகிறது. பழைய ஓதற்பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சபக்கைத் தனியே ஒப்பிக்க, உஸ்தாது தனியே கேட்பார். அம்முறையில் நேரம் விரயம் என்று கல்வி மேலாளர்கள் பேசுகின்றனர். அப்பேச்சில் நமக்கு உடன்பாடு இல்லை.

பேரன் முதல் இரு நாள்களும் ஒவ்வொரு கூடையிலும் இரண்டு மூன்று முறை தொடர்ந்து எறிய வேண்டியிருந்தது. முதல் முறை, “நீங்கள் எறியுங்கள், அப்பா” என்றான். நம் பக்கத்து வழக்கில் பாட்டனாரை அப்பா என்பர். “விதி அப்படி இல்லையே, தொலைவில் நிற்பவன் நீ, முறை உன்னுடையது” என்றோம். சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை; யாரும் அவசரப்படவில்லை. நாம் நம் வட்டருகே குல்லாவைச் சரிசெய்துகொண்டு நின்றோம். எறிந்தான். அன்று நமக்கு ஐம்பத்தெட்டு, அவனுக்கு அறுபத்தொன்று. ஒன்பது கூடைக்கும் கூடைக்கு மூன்றாக இருபத்தேழே எதிர்பார்க்கப்படும் கணக்கு என்று பலகை சொல்லியது. அப்பலகையை நாங்கள் இருவரும் பொருட்படுத்தவில்லை.

நடக்கும்போது பேச்சு வந்தது. மேசைக்கு எதிரெதிரே அமர்த்தி, “பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டால் வராத பேச்சு, விழுந்த வட்டைத் தேடிப் பக்கம் பக்கமாய் நடக்கையில் வருகிறது. மூன்றாம் கூடைக்கும் நான்காம் கூடைக்கும் நடுவில், நம்மூரில் தன்னுடன் ஓதிய பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி நலம் விசாரித்தான். மூன்றாண்டுக் காலம் அவர்களை அவன் ஒருவரிடமும் கேட்டதில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

ஜூலையில் ஓடைக்குப் பக்கத்து எட்டாம் கூடையில் அவனுடைய சிவப்பு வட்டு தொலைந்தது. முழங்கால்வரை நனைந்து தேடியும் கிடைக்கவில்லை. வட்டின் அடிப்புறத்தில் உடையவரின் தொலைபேசி எண்ணை மையால் எழுதி வைப்பதும், கண்டெடுத்தவர் அழைத்துக் கொடுப்பதும் அவ்வாட்டக்காரர்களின் வழக்கம். வீட்டு எண்ணை அவன் எழுதியிருந்தான். மூன்றாம் நாள் ஒரு சிறுவன் அழைத்தான். நம் பேரனே பேசினான், நெடுநேரம் பேசினான். வட்டை வாங்கச் சென்ற இடத்திலேயே இருவரும் ஒன்பது கூடைகளையும் சுற்றிவிட்டு, மஃரிபுக்குச் சற்று முன்னரே வீடு திரும்பினான். மகள் வாசலில் நின்றிருந்தாள். தாமதத்துக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாம் ஊர் திரும்பியபின் சனிக்கிழமைதோறும் தொலைபேசியில் கணக்கு வருகிறது. சென்ற வாரம் முப்பத்தெட்டு. “அவன் ரொம்பத் தூரம் எறிகிறான், அப்பா. அதனால் எப்போதும் நானே முதலில் எறிய வேண்டியிருக்கிறது” என்றான். குறையாகச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா என்று கேட்பதற்குள், நண்பன் வாசலில் காத்திருப்பதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டான்.