ஃபுளோரிடாவில் ஒரு சஹன்

மொராக்கோ நாட்டை நாம் கண்டதில்லை. ஆயினும் மராக்கிஷ் நகரின் குதுபிய்யா மினாராவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம். ஃபாஸ் நகரின் பூஜுலூது வாயிலினூடே பேரன் கையைப் பற்றி நடந்திருக்கிறோம். இவை யாவும் அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில், எப்காட் எனும் கேளிக்கைப் பூங்காவினுள் நிகழ்ந்தவை என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். 2018 ஜூலையில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நேர்ந்தது இது.

1982இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில் ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் தோற்றங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவில் புறப்பட்டால் ஒரு மாலைக்குள் கனடாவுக்கு வந்துவிடலாம். ஜப்பானுக்கும் பிரான்சுக்கும் நடுவே மொராக்கோ. இது 1984இல் பின்னர் சேர்க்கப்பட்டது. மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பிக் கட்டுவித்தார். வண்ண ஓடுகளைக் கையால் செதுக்கித் துண்டு துண்டாக இழைக்கும் ‘ஸில்லீஜ்’ வேலைப்பாட்டைச் சுவர்தோறும் கண்டோம். கூலிக்குச் செய்த போலி என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. விரல் வைத்துத் தடவினால் உளியின் தடம் தெரிந்தது.

குதுபிய்யா என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். அரபியில் ‘குதுபிய்யீன்’ என்றால் நூல் விற்போர். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தப் பள்ளிவாசலின் அருகே புத்தகக் கடைகள் நிறைந்திருந்தமையால் அப்பெயர் நிலைத்தது. நம் பள்ளிவாசல்களின் வாடகைக் கடைகளில் புத்தகக் கடைகள் எத்தனை என்று அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தோம். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

ஏழு வயதுப் பேரனுக்கு வேறு கவலை. “நன்னா, மேலே ஏறி யாராவது பாங்கு சொல்வாங்களா?” என்று கேட்டான். இது சாயலுக்குக் கட்டியது, இங்கே பாங்கு இல்லை என்றோம். “அப்போ சும்மாவா இவ்வளவு உயரமாக் கட்டினாங்க?” என்றான். மறுமொழி சொல்லாமல் நடந்தோம்.

உள்ளே மராக்கிஷ் நகரின் பெயர் தாங்கிய உணவகம். இரவு விருந்துக்கு மகள் பல நாட்களுக்கு முன்பே இடம் பதிந்து வைத்திருந்தாள். அத்தாவுக்கு அரபு நாட்டுச் சாப்பாடு, அரபி பேசுபவர்கள், அத்தா மகிழ்வார் என்று அவள் கண்ட கனவு. செதுக்கிய தூண்களும் வேலைப்பாடு நிறைந்த மேல்விதானமுமாக மண்டபம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாம் அமர்ந்ததும் நடுவிலிருந்த தளத்தில் இசை எழுந்தது. இடையசைத்து ஆடும் பெண்ணொருத்தி வந்தாள். பக்கத்து மேசையில் மதுக்கோப்பை. உணவுப் பட்டியலில் ஆட்டிறைச்சியும் கோழியும் வரிசையாக இருந்தன. ஹலாலா என்று வினவினோம். பரிமாற வந்த இளைஞர் நேர்மையானவர். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் வேறு, இப்போது தம்மால் உறுதி சொல்ல இயலாது என்றார். முன்கூட்டிச் சொல்லாதது நம் வீட்டார் குறையேயன்றி அவர் குறை அன்று.

அந்நேரம் நாம் கூறிய சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது. “இதற்காகவா ஏழு கடல் தாண்டி வந்தோம்? எழுந்திருங்கள், போகலாம்” என்றோம். குரலும் சற்று உயர்ந்துவிட்டது. மருமகன் தலை கவிழ்ந்தார். மகள் ஒன்றும் பேசாமல் மடியிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். சிறு வயதில் பாடம் ஒப்பிக்கத் தவறினால் தாவணி முனையை அவள் இப்படித்தான் செய்வாள்.

நம் இல்லத்தரசி மெல்லிய குரலில் சொன்னார்: “இறைச்சி வேண்டாம்னா வேண்டாம். ஆட்டம் வேண்டாம்னா அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. ஆனா பிள்ளை ஆசையாக் கூட்டிட்டு வந்த இடத்திலே இப்படியா பேசுவீங்க? நாயகம் எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்லேன்னு நீங்கதானே பிள்ளைங்களுக்கு ஓதிக் கொடுக்கிறீங்க?”

முப்பது ஆண்டுகளாக நாம் வகுப்பில் சொல்லி வருவது அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினால் உண்பார்கள்; விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள்; பழித்ததில்லை. விடுவதற்கு நமக்கு உரிமை உண்டு. அதனால் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தவும் உரிமை உண்டு என்று நாம் எங்கே ஓதினோம்?

அந்த இளைஞர் இன்னும் நின்றிருந்தார். அவர் தலையில் செந்நிறத் தொப்பி. நம் பாட்டனார் காலத்தில் துருக்கித் தொப்பி என்று பெருமையாக அணிந்தார்களே, அதே. அதற்கு ஆங்கிலத்தில் ஃபாஸ் நகரின் பெயரையே வழங்குகிறார்கள். அவர் ஊரும் ஃபாஸ்தான் என்று அரபியில் விசாரித்தபோது தெரிந்தது. நம் ஏட்டு அரபியைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. வெள்ளிக்கிழமைக் குத்பாவில் கேட்பது போலிருக்கிறது என்றார். அவர் பேச்சு நமக்கு முதலில் விளங்கவில்லை. ‘பஸ்ஸாஃப்’ என்று ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ‘மிகுதி’ என்பது அதன் பொருளாம். சற்று யோசித்த பிறகுதான் பொறி தட்டியது: அளவும் நிறையும் பாராமல் குவியலாக விற்பதை ஃபிக்ஹு நூல்களில் ‘ஜுஸாஃப்’ என்று ஓதுகிறோமே, அதன் வழித்தோன்றல்! கிதாபில் உறங்கிய சொல்லொன்று உணவு மேசையருகே எழுந்து வந்து நமக்கு ஸலாம் சொல்லியது போலிருந்தது.

இப்னு பதூதாவின் நாட்டவரல்லவா நீங்கள், அவர் எங்கள் மதுரைக்கே வந்தவர் என்றோம். அவருக்கு வியப்பு. தஞ்சா நகரத்தில் 1304இல் பிறந்த அப்பயணி, தமிழகக் கடற்கரையை ‘மஃபர்’ என்று தம் நூலில் எழுதியதையும், மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு மணவுறவினர் என்பதையும் சொன்னோம். அந்நூல் எழுதி முடிக்கப்பட்டது ஃபாஸ் நகரிலேதான். “அப்படியானால் நீங்கள் எங்களுக்கு உறவுக்காரர்” என்று அவர் சிரித்தார். மகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு அவர் செய்தது இது. தூணுக்கு அப்பால், ஆடுதளம் கண்ணில் படாத மேசைக்கு எங்களை மாற்றினார். காய்கறி குஸ்குஸ் இருக்கிறது, இறைச்சி சேராதது என்று விசாரித்து வந்து சொன்னார். தம் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் குஸ்குஸ்தான். ஒரே பெரிய தட்டத்தில் குவித்துக் குடும்பமே சுற்றி அமர்வோம் என்றார். நாம் காயல்பட்டினத்தில் ஓதிய நாட்களில் கலியாண வீடுகளில் கண்ட சஹன் சாப்பாட்டை அவருக்கு விவரித்தோம். அரபியிலும் அது சஹன்தானே! அவர் சற்று நின்றார், உள்ளே போனார், தனித்தனித் தட்டுகளுக்குப் பதிலாக அகன்ற தட்டம் ஒன்றை ஏந்தி வந்து நடுவில் வைத்தார்.

குஸ்குஸ் என்பது வேறொன்றுமில்லை. கோதுமை ரவையைச் சிறு மணிகளாக உருட்டி, நாம் புட்டு அவிப்பது போல் ஆவியில் வேகவைப்பது. மேலே காரட், பூசணி, கோசு, கொண்டைக்கடலை. பிஸ்மில்லாஹ் சொல்லி வலக்கையால் அவரவர் முன்னிருந்ததை எடுத்தோம். முள்கரண்டிகள் மூலையில் கிடந்தன. பேத்திக்குக் கடலை வேண்டாம். பேரனுக்குக் கடலை மட்டும்தான் வேண்டும். நடுவில் ஒரு பண்டமாற்று நடந்தது. பூசணித் துண்டொன்றை மகள் நம் பக்கமாகத் தள்ளினாள். நாம் அதை எடுத்து உண்டோம். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை. புதினாத் தேநீர் வந்தபோது அந்த இளைஞர் உயரத்திலிருந்து நுரை எழ ஊற்றிக் காட்டினார், பேரன் கைதட்டினான்.

விலையைப் பற்றி மருமகன் வாய் திறக்கவில்லை; நாமும் கேட்கவில்லை.

வெளியே ஓர் ஒதுக்குப்புறத்தில் மஃரிபைத் தொழுதோம். ஒன்பது மணிக்கு ஏரியின் மீது வாண வேடிக்கை. அக்காலத்து அந்தக் காட்சியின்போது கரையைச் சுற்றிப் பெரும்பாலான நாடுகளின் கட்டடங்கள் விளக்குச் சரங்களால் ஒளிரும். சீனக் கோயில் ஒளிர்ந்தது. இத்தாலியக் கோபுரம் ஒளிர்ந்தது. மொராக்கோ இருளில் நின்றது.

“நன்னா, நம்மது மட்டும் ஏன் இருட்டா இருக்கு?”

மினாராவின் சமய மதிப்பைக் கருதி அதை அலங்கரிப்பதில்லை என்று சொல்லுவார்கள் என்று மருமகன் விளக்கினார். பேரன் ‘நம்மது’ என்று சொன்னதை நாம் கவனித்தோம். வாணங்கள் வெடிக்கும்போதெல்லாம் வானத்தின் பின்னணியில் அதன் உருவம் தெரிந்து மறைந்தது.

2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் அந்த உணவகம் மூடப்பட்டதாக மகள் தொலைபேசியில் கூறினாள். அந்த இளைஞர் எங்கே போனாரோ. வெள்ளிக்கிழமைகளில் இப்போது தன் வீட்டில் குஸ்குஸ்தானாம். அவிப்பதற்கு உரிய பாத்திரம் கிடைக்காமல், உம்மா கொடுத்தனுப்பிய இடியாப்பத் தட்டிலேயே துணி விரித்து அவிக்கிறாளாம். உம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் அத்தா, அடியில் பிடிக்காமல் இருக்க எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று கேட்டாள்.