குடத்துள் இட்ட விளக்கு

எண்ணெய் தடவாத உலர்ந்த தலைமுடியை நெகிழிச் சீப்பால் சில முறை வாரி, அச்சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டு சென்றால், அவை துள்ளி எழுந்து அதனோடு ஒட்டிக்கொள்கின்றன. சிறுவர் விளையாட்டாகத் தோன்றும் இந்நிகழ்வில் ஒரு வியப்பு மறைந்துள்ளது. அத்துணுக்கைப் பூவுலகம் முழுவதும் கீழ்நோக்கி ஈர்க்கிறது. சீப்பில் சேர்ந்த சிறிதளவு மின்னூட்டமோ அதனை மேல்நோக்கி ஈர்த்து வென்றுவிடுகிறது.

உராயும்போது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன. அவற்றைப் பெற்ற பொருள் எதிர் மின்னூட்டமும், இழந்த பொருள் நேர் மின்னூட்டமும் அடைகின்றன. ஓரின மின்னூட்டங்கள் விலக்கும். வேறின மின்னூட்டங்கள் ஈர்க்கும். அவ்வாறாயின், மின்னூட்டம் பெறாத காகிதம் ஈர்க்கப்படுவது ஏன்? சீப்பு அருகே வந்ததும் காகிதத்தினுள் உள்ள மின்னூட்டங்கள் சற்றே இடம் மாறுகின்றன. வேறின மின்னூட்டம் சீப்புக்கு அண்மையிலும் ஓரின மின்னூட்டம் சற்றுத் தொலைவிலும் அமைகின்றன. தொலைவு மிகுந்தால் விசை குறையும். ஆதலால் விலக்கலினும் ஈர்த்தலே ஓங்குகிறது.

தொலைவு மிகுந்தால் விசை எந்த அளவில் குறையும்? இவ்வினாவுக்கு 1785இல் விடையளித்தவர் பிரான்சு நாட்டுப் படைப் பொறியாளர் கூலூம். மெல்லிய கம்பியில் தொங்கும் கோலின் ஒரு முனையில் சிறு உருண்டையைப் பொருத்தி, மின்னூட்டம் பெற்ற மற்றோர் உருண்டை அதனை விலக்கும்போது கம்பி எவ்வளவு முறுக்கப்படுகிறது என்று அவர் அளந்தார். தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்காகும் என்பது புலனாயிற்று.

ஆனால், பத்தாண்டுகளுக்கும் முன்பே இங்கிலாந்தில் ஒருவர் அவ்வுண்மையைக் கண்டிருந்தார். அவர் ஹென்றி கேவண்டிஷ். ஓர் உலோகக் கோளத்தைச் சுற்றி இரண்டு அரைக்கோளங்களை மூடி, இரண்டையும் கம்பியால் இணைத்து, வெளிக்கோளத்துக்கு மின்னூட்டம் அளித்தார். பின்னர் இணைப்பை நீக்கி, அரைக்கோளங்களை அகற்றி உட்கோளத்தைச் சோதித்தார். அதில் மின்னூட்டம் தென்படவில்லை. விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருந்தாலன்றி இவ்வாறு நிகழாது என்று கணக்கிட்டுத் தெளிந்தார்.

தெளிந்தவர் அதனை உலகுக்கு உரைக்கவில்லை. பிறருடன் பேசக் கூசும் இயல்பினர் அவர். பணிப்பெண்ணிடம் வேண்டிய உணவைக்கூடச் சீட்டில் எழுதித் தெரிவிப்பார் என்பர். 1810இல் அவர் மறைந்தபோது மின்னியல் ஆய்வுக் குறிப்புகளில் பெரும்பகுதி அச்சேறாமலே கிடந்தது. குடத்துள் இட்ட விளக்காயிற்று அவர் கண்ட உண்மை. விதிக்கு மட்டுமன்றி மின்னூட்டத்தின் அலகுக்கும் கூலூமின் பெயரே நிலைத்தது.

அவ்விளக்கை வெளியே எடுத்து வைத்தவர் மாக்ஸ்வெல். தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அக்குறிப்புகளைப் பதிப்பிக்கும் பணியை மேற்கொண்டு, 1879இல் நூலாக வெளியிட்டார், அவ்வாண்டிலேயே மறைந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்தும் அப்பணி இயன்றதற்குக் காரணம், கேவண்டிஷ் ஒவ்வோர் அளவையும் பிழையின்றிக் குறித்து வைத்திருந்தமையே.

உண்மையைக் காண்பது அறிவியலின் ஒரு பாதி. கண்டதைப் பிறர் சோதித்தறியுமாறு முன்வைப்பது மறுபாதி. ஆய்வகக் குறிப்பேட்டில் அளவுகளை எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் இரண்டையும் ஒருங்கே பயில்கின்றனர்.